எந்த மாநிலத்தில் குடியிருப்பது?

சென்ற கோடையில் ஒரு நாள், அலுவலகத்தில் கையொப்பமிட்டு வாங்கிய தாள் ஒன்றுடன் வீடு திரும்பினோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மூத்த மகள் பிறந்திருந்த வேளையில், அன்னையாரின் வற்புறுத்தலால் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு அப்போதுதான் முறை வந்திருந்தது. தென்னக இரயில்வேக்குச் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல் கேட்ட விண்ணப்பம் அது. பணிமூப்பை இழந்து, அங்குள்ள எழுத்தர் வரிசையின் கடைசியில் நிற்கச் சம்மதமா என்று பதினைந்து நாளில் எழுதித் தர வேண்டும். தராவிடில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும்.

அன்னையாரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. "இனி ஊரோடு இருக்கலாம் தம்பி" என்று சொல்லி, சுவரில் தொங்கிய ஊர்வீட்டுச் சாவியை எடுத்துத் துடைத்தும் வைத்துவிட்டார்கள். தங்கை மட்டும் பேசவில்லை. இரவு உணவு முடிந்த பிறகு, "அண்ணா, ஊருக்குப் போனால் உங்களுக்கு உத்தியோகம் இருக்கும், அம்மாவுக்கு வீடு இருக்கும். எனக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் பொருள் இருந்தது. அகமதாபாத்தில் மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பணிபுரிகிறாள். உடன் பணிபுரியும் தமிழர் ஒருவரை மணக்க விரும்புவதாகச் சில மாதங்களுக்கு முன்பே எங்களிடம் சொல்லியிருந்தாள். அவரும் எங்கள் பக்கத்து மாவட்டத்தவரே. ஆனால் எங்கள் ஊரில் தனித் தெருவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் வகுப்பைச் சேர்ந்தவர். செய்தி எப்படியோ ஊருக்கு எட்டியது. அங்கிருந்து உறவினர் இருவர் தொலைபேசியில் பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் எழுத இயலாது.

ஆக, வெறும் மாற்றல் தாளாக வந்தது வேறொரு கேள்வியாக எங்கள் முன் நின்றது. ஒரு குடும்பம் தன் விருப்பப்படி வாழ எந்த மாநிலத்தில் இடம் மிகுதி? பதினைந்து நாளும் நாங்கள் இதையே பேசினோம். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டோம். அறிந்துகொண்டவை, இதே கேள்வியில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று எழுதத் துணிந்தோம்.

அமெரிக்காவில் ஒரு முயற்சி

இக்கேள்வியைக் கேட்டவர்களில் நாம் முதல்வர் அல்லர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஜேசன் சோரன்ஸ் என்பவர் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். அரசின் தலையீடு குறைந்த வாழ்வை விரும்புவோர் இருபதினாயிரம் பேர் சிறிய மாநிலம் ஒன்றில் சென்று குடியேறினால், அங்குள்ள சட்டங்களையே நாளடைவில் மாற்றிவிடலாம் என்பது அவர் கருத்து. பத்து மாநிலங்களை ஆராய்ந்து 2003-இல் வாக்கெடுத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் முதலிடமும் வயோமிங் இரண்டாம் இடமும் பெற்றன. வருமானத்துக்கும் விற்பனைக்கும் பொதுவரி இல்லாமை, மக்கள்தொகை குறைவாயிருத்தல் முதலியவை நியூ ஹாம்ப்ஷயருக்குத் துணைநின்றன. குடிபெயர்வதாக உறுதிமொழி தந்தோர் தொகை 2016-இல் இருபதினாயிரத்தை எட்டியது. சொன்னவர்களில் உண்மையாகவே பெட்டி கட்டியவர்கள் ஒரு சிறு பகுதியினரே.

அவர்கள் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாநிலத்தைத் தேடினார்கள். நம் முன்னோர் அங்ஙனம் தேடவில்லை. அகமதாபாத்தின் துணியாலைகள் கூலி தந்தன, வந்தார்கள். ஆலைகள் மூடிய பின்னும் மணிநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தங்கிவிட்டார்கள். எங்கள் தந்தையாரை இரயில்வே இங்கே அனுப்பியது. பணியிலிருக்கையிலேயே அவர் மறைந்ததால், பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எங்களுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. உரிமையைத் தேடி இங்கு வந்தவர் எவருமிலர். ஆயினும் வந்த இடத்தில் எவ்வெவ்வுரிமை கிடைத்தது, எது கைவிட்டுப் போயிற்று என்று கணக்குப் பார்க்கும் காலம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருமுறை வருகிறது.

நாடு ஒன்று, சட்டம் பல

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியற்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இந்தியாவெங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் தங்கிக் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொதுநலன் கருதியும் பழங்குடியினர் நலன் கருதியும் நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதும் அப்பிரிவிலேயே உண்டு. 1873-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகியவற்றுக்குள் செல்ல நாம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். 2019 டிசம்பரில் மணிப்பூரும் அவ்வரிசையில் சேர்ந்தது. இமாசலப் பிரதேசத்தில் உழவரல்லாதார் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்க இயலாது.

குடியேறும் உரிமை எங்கும் ஒன்றாயினும், குடியேறிய பின் வீட்டுக்குள் நுழையும் சட்டம் ஒன்றன்று. காவல், நிலம், மது, கால்நடைப் பாதுகாப்பு ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. திருமணமும் சொத்துரிமையும் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டமியற்றத்தக்க பொதுப்பட்டியலில் உள்ளவை. ஆகவே இரயில் ஓர் எல்லையைக் கடக்கும்போது, பெட்டிக்குள் இருப்போரின் உரிமைகளும் ஓசையின்றி மாறுகின்றன.

சில எடுத்துக்காட்டுகள் காண்போம். நாங்கள் வாழும் குஜராத் 1960-இல் தனி மாநிலமானது முதல் மதுவிலக்கு மாநிலமாகவே இருந்துவருகிறது. பீகார் 2016-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. இதில் எது உரிமை என்று எங்கள் குடியிருப்பில் கேட்டால், ஆண்கள் ஒரு விடையும் பெண்கள் வேறு விடையும் சொல்வார்கள். "மாலையில் பெண் தனியே நடக்க முடிவதும் உரிமைதானே?" என்பார் எங்கள் இல்லத்தரசியார். அதற்காகச் சட்டம் எழுதிவிட்டால் சாராயம் ஒழிந்தது என்றும் கொள்வதற்கில்லை. 2022 ஜூலையில் இம்மாநிலத்துப் போட்டாட் மாவட்டப் பகுதியில் நச்சுச் சாராயத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் பலியானார்கள்.

உணவிலும் வேறுபாடு பெரிது. பசுவதைக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கக் குஜராத் 2017-இல் வழிசெய்தது. மகாராட்டிரம் 2015-இல் எருதுகளையும் தடைக்குள் கொண்டுவந்தது. வெளிமாநிலத்திலிருந்து கொணர்ந்த இறைச்சியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய பகுதியை மும்பை உயர்நீதிமன்றம் 2016-இல் நீக்கியது. கேரளத்தில் அத்தகைய முழுத்தடை இல்லை.

சொத்து வாங்குவதிலும் அப்படியே. குஜராத்தில் கலவரப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களில், 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு விற்க மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். கோவாவில் 1867-ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசியச் சட்டத்தின் வழிவந்த குடும்பச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாயிருக்கிறது. அங்கே வேறு உடன்படிக்கை செய்துகொள்ளாத கணவன் மனைவியர்க்குச் சொத்தில் பாதிப்பாதி. மனைவியின் சம்மதமின்றிக் கணவன் வீட்டை விற்க முடியாது. உத்தரகாண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொதுக் குடிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் கூடி வாழும் ஆணும் பெண்ணும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், தவறினால் தண்டனை உண்டென்றும் அச்சட்டம் கூறுகிறது.

எல்லாவற்றிலும் கட்டற்ற மாநிலம் என்று ஒன்றைக் காட்ட எங்களால் முடியவில்லை. ஒன்று சமையலறையில் இடம் கொடுத்தால் வேறிடத்தில் பிடிக்கிறது. மற்றொன்று மணப்பந்தலில் விட்டுக்கொடுத்து நிலப்பத்திரத்தில் இறுக்குகிறது.

வேலையும் மொழியும்

நம் போன்ற குடியேறிகளுக்கு வயிற்றைத் தொடும் கட்டுப்பாடுகள் இரண்டு உண்டு. முதலாவது வேலை. பிறந்த இடம், வசிக்கும் இடம் காரணமாக அரசுப் பணியில் பாகுபாடு கூடாது என்று அரசியற்சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் வேலையில் முக்கால் பங்கை மாநிலத்தவர்க்கே ஒதுக்க அரியானா கொண்டுவந்த சட்டத்தைப் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாதென்றது. கருநாடகம் 2024-இல் அத்தகைய மசோதா ஒன்றை எடுத்து, எதிர்ப்புக் கண்டு நிறுத்திவைத்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் சான்றிதழ் மாநில எல்லையைத் தாண்டி வராது. பிழைப்புக்காகக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் அரசுப் பணிகளில் அவ்வுரிமையைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-லும் 1994-லும் கூறியதை 2018-இலும் உறுதி செய்தது. மத்திய அரசுப் பணிகளுக்கு இத்தடை இல்லை. தங்கை மணக்க விரும்பிய அன்பருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. தமிழ்நாட்டில் அவருக்கு மாநில அரசின் ஆய்வுக்கூடப் பணிக்கு ஒதுக்கீட்டில் நிற்க இடமுண்டு, இங்கே இல்லை.

இரண்டாவது மொழி. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்ற 350-அ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. நடப்பது வேறு. அகமதாபாத்தில் இருந்த தமிழ்வழிப் பள்ளி ஒன்று, மாணவர் குறைவு காரணமாக 2020-இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியும் கதவு திறக்கவில்லை. மாநில மொழியைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் தமிழ்நாட்டில் 2006-லும், கேரளத்தில் 2017-லும், மகாராட்டிரத்தில் 2020-லும், குஜராத்தில் 2023-லும் வந்தன. எனவே எங்கு சென்றாலும் அவ்விடத்து மொழியைக் குழந்தை கற்றாக வேண்டும். இதைக் குறையாகக் கொள்ளல் வேண்டா. எங்கள் மகள் குஜராத்தியில் அண்டை வீட்டாரோடு வாதாடுகிறாள். ஞாயிறுதோறும் சங்க வகுப்பில் தமிழ் எழுதுகிறாள். அவளுக்கு இரண்டு தெருக்கள் திறந்திருக்கின்றன.

மணம் என்னும் உரைகல்

இனி எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறோம். தங்கை புரோகிதர் இன்றி மணக்க விரும்பினாள். புதுமை ஒன்றுமில்லை, எங்கள் பெற்றோர் மணந்த முறையே அது. 1967-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும். சடங்கு வேண்டா, முன்கூட்டிய அறிவிப்பும் வேண்டா. ஊரறியப் பலர் முன் நடந்தாக வேண்டும் என்பதும் இல்லை என்று உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கியது. இப்பிரிவு தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் மணத்துக்கே உரியது.

குஜராத்தில் அத்தகைய பிரிவு இல்லை. இந்து திருமணம் என்றால் உரிய சடங்கு நடந்திருக்க வேண்டும். சடங்கின்றிப் பதிவு மட்டும் செய்தால் போதாது என்று உச்சநீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. சடங்கு வேண்டாதவர்க்கு 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் உண்டு. அது நாடு முழுமைக்கும் பொது. ஆனால் அதில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படும். அது மட்டுமன்று. மணமக்களுள் ஒருவரின் நிரந்தர வாசம் வேறு மாவட்டமாயின், அறிவிப்பின் படி அந்த மாவட்டத்துக்கும் அனுப்பப்பட்டு அங்கும் ஒட்டப்பட வேண்டும். வழக்கறிஞர் இதைச் சொன்னபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. மணமகனுடைய அடையாளச் சீட்டுகள் அனைத்திலும் ஊர் முகவரியே இருந்தது. எவர் கண்ணுக்குப் படக்கூடாதென்று ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வாழ்கிறோமோ, அவர் கண்முன்னேயே அரசின் தாள் சென்று ஒட்டிக்கொள்ளுமன்றோ!

சட்டத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் தராசு தமிழ்நாட்டின் பக்கமே தாழ்கிறது. மணம் எளிது, மணமகனின் சான்றிதழ் செல்லும், தாய்மொழி உண்டு, பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி உண்டு, அன்னையாருக்கு வீடும் உண்டு.

ஆனால் சட்டம் மட்டும் மாநிலமன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளம் தம்பதியர் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டதையும், கணவர் உயிரிழந்ததையும் நாடே கண்டது. அவர்களது மணமும் சட்டப்படி செல்லத்தக்கதே. இத்தகையோரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சில் ஆணையிட வேண்டிய நிலை இருந்தது. எங்கள் ஊரில் 7-அ பிரிவை அறிந்தவர் சிலர் இருப்பர். ஆயின், இன்னார் மகள் எந்தத் தெருப் பையனோடு பேசினாள் என்பதை அறியாதவர் எவருமிலர்.

இங்கே அகமதாபாத்தில் அண்டை வீட்டாருக்கு நாங்கள் எல்லாரும் 'மதராசி'. எங்கள் குலமும் மணமகனின் குலமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருவரும் சேர்ந்து கடைத்தெருவில் நடந்தால், தயிர்சாதம் தின்னும் இருவர் போகிறார்கள் என்று மட்டும் நினைப்பார்கள். அந்தப் பெயர் கேலியாக வழங்கிய காலமும் உண்டு. அதனுள் எங்கள் தங்கைக்கு ஒரு பாதுகாப்பு ஒளிந்திருந்தது என்று இப்போதுதான் உணர்ந்தோம்.

இதைக் கொண்டு குஜராத்தைப் புகழ்ந்து பாடவும் எங்களுக்கு மனமில்லை. 2016 ஜூலையில் ஊனா என்னும் ஊரில், செத்த மாட்டின் தோலை உரித்த தாழ்த்தப்பட்ட இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த கொடுமை இம்மாநிலத்தில் நடந்ததே. இந்த மண்ணிலேயே பிறந்த அத்தகைய இளைஞனின் குலத்தை இவ்வூரார் பெயரைக் கேட்டே அறிவர். எங்களுக்குக் கிடைத்த சலுகை அவனுக்கு இல்லை. அவன் சூரத்தையோ மும்பையையோ தாண்டி, ஒருவேளை நம் சென்னைக்கு வந்தால், அங்கே அவன் வெறும் 'சேட்டு' ஆகலாம்! தொலைவு தரும் உரிமை இத்தன்மையது. அது மாநிலத்தின் கொடையன்று. நம்மை அவர்கள் படிக்கத் தெரியாமையின் கொடை.

தொலைவுக்கு விலையும் உண்டு. முட்டை சமைப்போம் என்று சொன்னதற்காக வீடு கிடைக்காமல் திரும்பிய தமிழர் இந்நகரில் பலர். கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினரைக் குறிப்பிட்ட சமூகத்தவராகவே வரையறுத்துக்கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்ததும் இந்நகரத்து வழக்கில்தான். இரயில்வே குடியிருப்பு இருப்பதால் நாங்கள் தப்பினோம். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டவர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கில் பெங்களூர்த் தமிழர் வீடிழந்ததையும் நம் பெரியவர்கள் மறக்கவில்லை. நம்மைப் படிக்கத் தெரியாதவர்கள், ஒருநாள் நம் மொழியை மட்டும் படித்துவிடவும் கூடும்.

எங்கள் முடிவு

பதினான்காம் நாள் இரவு எல்லாரும் கூடத்தில் அமர்ந்தோம். மணமகனும் வந்திருந்தார். "அங்கே எனக்குச் சான்றிதழ் உண்டு, தெரு இல்லை, இங்கே தெரு உண்டு, சான்றிதழ் இல்லை. நடக்கத் தெரு இருந்தால் வேலையைத் தேடிக்கொள்வேன்" என்றார். அன்னையார் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே சென்றார்கள். மறுநாள் 'சம்மதமில்லை' என்று எழுதிக் கொடுத்தோம். ஒன்பது ஆண்டு காத்திருந்த பெயர் பட்டியலிலிருந்து நீங்கிற்று. மூன்று நாள் அன்னையார் எங்களோடு பேசவில்லை. அவர்கள் இழந்தது சிறிதன்று. அதை இன்றும் நாங்கள் ஈடுசெய்யவில்லை.

மணத்துக்கு மட்டும் வேறு வழி கண்டோம். நல்ல சட்டம் ஒரு மாநிலத்திலும், நடக்கத் தெரு மற்றொரு மாநிலத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்க இரயில் இருக்கிறதே! அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு நவஜீவன் விரைவுவண்டி செல்கிறது. தங்கை ஊதியம் பெறுபவளாதலால் எங்கள் பாஸில் அவளுக்கு இடமில்லை. பயணச்சீட்டு வாங்கிக்கொண்டே வந்தாள். பெரம்பூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் பன்னிரண்டு பேர் முன்னிலையில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊர்ப்பக்கம் எவருக்கும் சொல்லவில்லை. அன்னையார் வரமாட்டார்கள் என்றே எண்ணியிருந்தோம். புறப்படும் நாளன்று தம் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். "உங்கள் அப்பா எனக்கு மாலைதான் போட்டார். அதற்குச் சாட்சி சொல்ல இந்த வீட்டில் நான்தானே இருக்கிறேன்" என்றார்கள். மணம் நடந்த எல்லைக்குரிய பதிவு அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டு, அகமதாபாத்துக்குத் திரும்பினோம்.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

எம்மாநிலம் நல்லது என்று கேட்கும் அன்பருக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுவே. உரிமையைக் கணக்கிடும்போது குடும்பத் தலைவரின் வசதியைக் கொண்டு கணக்கிட வேண்டா. எங்கும் பிழைக்கத் தெரிந்தவர் அவர். வீட்டில் எவருக்குக் குரல் மிகச் சிறியதோ, அவர் அந்த மாநிலத்தில் விரும்பியவரோடு தெருவில் நடக்க முடியுமா, விரும்பியதைப் படிக்க முடியுமா, மாலையில் அஞ்சாமல் வீடு திரும்ப முடியுமா என்று கேளுங்கள். மகளோ மருமகளோ விடை சொல்லட்டும். எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒன்பதாண்டு தாமதமாயிற்று. விண்ணப்பம் எழுதிய நாளில் தங்கையின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

அடுத்து, வாழும் இடத்தில் முறையாகக் குடியேறுங்கள். நம்மில் பலர் முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்தும், வாக்காளர் பட்டியலிலும் அடையாளச் சீட்டிலும் ஊர் முகவரியையே வைத்திருக்கிறோம். பற்றினால் வைத்திருக்கும் அம்முகவரி, தேவைப்படும் நாளில் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டமும் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே வாக்குரிமை தருகிறது. பங்கீட்டு அட்டையை 2022 முதல் எல்லா மாநிலத்திலும் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் சான்றிதழ்களில் எது எல்லை கடந்து செல்லும், எது செல்லாது என்பதையும் குடிபெயரும் முன்பே விசாரியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மக்களைப் போலவே நல்ல சட்டங்களும் குடிபெயர்கின்றன. மகளுக்கும் பிறப்பாலே சொத்துரிமை என்பதை ஆந்திரம் 1986-லும், தமிழ்நாடு 1989-லும், கருநாடகமும் மகாராட்டிரமும் 1994-லும் சட்டமாக்கின; 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. தகவல் அறியும் உரிமைக்கு 1997-இலேயே தமிழ்நாடு சட்டமியற்றியது. 2005-இல் அதுவும் எங்கும் பரவியது. ஆதலின் இருக்கும் மாநிலத்தில் ஓர் உரிமை இல்லையென்றால், இருக்கும் மாநிலத்தை விட்டு ஓடுவது ஒன்றே வழியன்று. வாக்காளராக இருந்து, அண்டை மாநிலத்தில் உள்ளதை இங்கும் கேட்கலாம். புரோகிதரில்லாத எளிய மணத்தை இம்மாநிலத்திலும் சட்டம் ஏற்க வேண்டும் என்று நம் சங்கம் ஒரு கோரிக்கை எழுதினால், முதற் கையொப்பம் எங்கள் வீட்டிலிருந்து வரும். இரண்டாவதாக அன்னையாரும் இடுவார்கள் என்று நம்புகிறோம். ஊர்வீட்டுச் சாவி இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. தங்கையும் அவள் கணவரும் என்றேனும் ஒருநாள் அச்சமின்றி அக்கதவைத் திறக்க வேண்டும் என்பதே அவர்களது இப்போதைய வேண்டுதல்.